கடையில் வாங்கிய குட்டி ரோஜா வாடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு சாண் உயரச் செடி. கைக்குள் அடங்கும் தொட்டி. அதில் பத்துப் பன்னிரண்டு மொட்டு. வாங்கி வந்த பத்தாம் நாள் பார்த்தால் பாதி இலை தொட்டியைச் சுற்றி உதிர்ந்து கிடக்கும். விரியாத மொட்டுகள் தலை தொங்கி நிற்கும். ‘எனக்கு ரோஜாவுக்குக் கைராசி இல்லை’ என்று பலர் செடியைத் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. அப்படித் தூக்கியெறியப்படும் செடிகளில் பெரும்பாலானவை பிழைக்கக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். மண்ணை ஒட்டிக் குனிந்து, இலைகளை விரலால் விலக்கிப் பாருங்கள். மூன்று அல்லது நான்கு, சில தொட்டிகளில் ஐந்து தண்டுகள் தனித்தனியாக மண்ணுக்குள் இறங்குவது தெரியும். நீங்கள் வாங்கியது ஒரு செடி இல்லை. பல போத்துகளை, அதாவது வெட்டிய தண்டுத் துண்டுகளை, ஒரே தொட்டியில் நெருக்கி ஊன்றி, வேர் பிடிக்கவைத்து, புதர் போல அடர்த்தியாகத் தெரியும்படி வளர்த்த கூட்டம் அது. வளர்ந்த இடம் பசுமைக்குடில். வெளிச்சம், ஈரப்பதம், சூடு, உரம் எல்லாம் அங்கே அளந்து கொடுக்கப்பட்டன. பல இடங்களில், செடி உயரமாகப் போகாமலிருக்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தும் அடிப்பார்கள். அங்கிருந்து உறைக்குள் சுற்றப்பட்டு, இருட்டுப் பெட்டியில் பயணம் செய்து, கடை விளக்கில் சில நாள் நின்று, அதன்பிறகுதான் உங்களிடம் வருகிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். குட்டி என்பது பூவின் அளவுக்கும் இலையின் அளவுக்கும்தான். சுபாவம் முழு ரோஜாவினுடையது. வாழ்நாள் முழுக்கக் குட்டி ரோஜா ரகங்களை உருவாக்கிய கலிஃபோர்னியாவின் ரால்ஃப் மூர் (1907–2009) வளர்த்ததெல்லாம் தோட்டத்துச் செடிகள். அலமாரியில் வைக்கும் அலங்காரச் செடியாக இதை நினைத்தால் அங்கேயே சிக்கல் தொடங்கிவிடும்.

மருந்தைத் தேடுவதற்கு முன்

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று காரியம் முதலில். ஒன்று, ஜிகினாத்தாள், பிளாஸ்டிக் உறை, ஓட்டையில்லாத அழகுத் தொட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டு, தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்ததும் ஒருமுறை தூக்கிப் பார்த்து, அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வாரத்தில் கை தானாகச் சொல்லும், இன்று தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று. மூன்று, ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

இந்த மூன்றையும் செய்யாமல் உரம் போடாதீர்கள். நோயாளி மூச்சு வாங்கும்போது விருந்து பரிமாறுவது போன்றது அது.

வாங்கி வந்த இரண்டு வாரத்துக்குள் இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது, மொட்டு விரியவில்லை

செடி முழுக்க அங்கங்கே இலை மஞ்சளாகி, தொட்டாலே உதிர்கிறதா? மண் அளவான ஈரத்தில் இருக்கிறதா? இலையின் அடியில் பூச்சி இல்லையா? அப்படியானால் இது பெரும்பாலும் இடமாற்ற அதிர்ச்சி. காற்றுப் புகாத உறைக்குள்ளும் இருட்டிலும் இருந்ததில் எத்திலீன் வாயு சேர்ந்திருக்கும். ரோஜாவுக்கு அந்த வாயு ஆகாது. இலையையும் மொட்டையும் உதிர்த்துவிடும். பழுத்த பழங்களும் இதே வாயுவை விடுகின்றன. எனவே பழக்கூடை பக்கத்தில் செடியை வைக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது குறைவு. உதிர்ந்ததைப் பொறுக்கி எடுங்கள். விரிந்த பூ, பழுப்பான மொட்டு இரண்டையும் வெட்டுங்கள். வெளிச்சமான இடத்தில் வையுங்கள், ஆனால் முதல் நாளே உச்சி வெயிலில் வேண்டாம். காலை வெயில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் ஆறு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். திடீரென்று வெயிலில் வைத்தால் இலையில் வெளிறிய திட்டுகள் விழும், அது நோய் இல்லை, வெந்துபோன இடம். முதல் மூன்று நான்கு வாரத்துக்கு உரமே வேண்டாம். வரும்போதே வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறது.

செடி தளர்ந்து தொங்குகிறது

இங்கேதான் அதிகச் செடிகள் தவறான வைத்தியத்தால் போகின்றன. தொங்கும் செடியைப் பார்த்தால் எல்லோருக்கும் கை தண்ணீர்க் குவளைக்குப் போகும். கனத்தைப் பார்த்தபிறகுதான் போக வேண்டும்.

தொட்டி இறகு போல லேசாக இருந்தால் தாகம். மேலிருந்து ஊற்றுவதால் மட்டும் அது தீராது. இந்தச் செடிகள் பெரும்பாலும் மக்கிய பாசியாலான பீட் கலவையில் வளர்க்கப்படுகின்றன. அது ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைப் பிடிக்காது. சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். ஊற்றிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நொடியில் அடியில் ஓடிவிடும். நீங்கள் தண்ணீர் விட்டாயிற்று என்று நினைப்பீர்கள், வேர்க்கட்டியின் நடுப்பகுதி காய்ந்தபடியே இருக்கும். ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, தொட்டியின் விளிம்பு வரை அமிழ்த்தி வையுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குமிழ் நின்றபிறகு, இருபது முப்பது நிமிடத்தில், எடுத்து வடியவிடுங்கள். சில மணி நேரத்தில் தலை நிமிர்ந்துவிடும்.

தொட்டி கனமாக, மண் சொதசொதவென்று இருக்கும்போதே செடி தொங்கினால் கதை வேறு. வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈரத்தில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். நான் வளர்த்த முதல் குட்டி ரோஜா இப்படித்தான் போனது. வாடுகிறதே என்று தினமும் இருவேளை ஊற்றினேன். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது, ஏனென்றால் நான்கு தண்டில் இரண்டையாவது மீட்டிருக்கலாம்.

அப்படிப்பட்ட செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாக, விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வரும், நூல் போல நடுநரம்பு மட்டும் மிஞ்சும். ஒரு வாடையும் அடிக்கும். அழுகியதை வெட்டி, மேலே உள்ள கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, புதிய கலவையில், பெரிதாக இல்லாத தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகல் வரும். ஒரு வாரம் நிழலில் வையுங்கள், மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் காய்ந்தபிறகே தண்ணீர்.

மஞ்சள் எங்கிருந்து தொடங்குகிறது?

‘இலை மஞ்சளாகிறது’ என்று மட்டும் சொன்னால் யாராலும் வைத்தியம் சொல்ல முடியாது. அடியிலா, நுனியிலா, நரம்பு பச்சையாக இருக்கிறதா என்பதில்தான் விடை இருக்கிறது.

அடி இலைகள் மட்டும் ஒரே சீராக வெளிறினால், வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், தழைச்சத்து குறைவு. சிறிய தொட்டியில் சத்து சீக்கிரம் தீரும். திரவ உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் விடுங்கள். அடி இலையில் நரம்பு பச்சையாக, நடுவே மஞ்சளாக இருந்தால் மக்னீசியக் குறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து ஒருமுறை விட்டுப் பார்க்கலாம்.

நுனிக் கொழுந்து வெளிறி, வலை பின்னியதுபோல நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து செடிக்குள் போகவில்லை. மண்ணில் இரும்பு இருக்கலாம். கடினத்தன்மை மிகுந்த, சுண்ணாம்பு கலந்த தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்பு கரையாமல் நின்றுவிடும். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ரோஜாவுக்கு 6 முதல் 6.5 இருக்க வேண்டும். மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அவசரத்துக்குக் கீலேட் வடிவ (செடி எளிதில் உறிஞ்சக்கூடிய) இரும்பு உரம் கைகொடுக்கும். ஆனால் மண் எப்போதும் ஈரமாகக் கிடந்தாலும் இதே தோற்றம் வரும். முதலில் கனத்தைப் பாருங்கள்.

இலை தூசி படிந்தது போல, ஊசி குத்தியது போலப் புள்ளிப்புள்ளியாக வெளிறுகிறது

வீட்டுக்குள் வைத்த குட்டி ரோஜாவைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். செஞ்சிலந்தி, சிலந்திப்பேன் என்றெல்லாம் சொல்வார்கள். அளவு அரை மில்லிமீட்டர்தான். எட்டுக் காலுள்ள சிலந்தி இனம். நூலாம்படை கண்ணில் படும்போது ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கும், அதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். மிளகுப் பொடியைவிட நுண்ணிய துகள்கள் தாளில் விழும். அவசரப்படாமல் அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். தூசி அசையாது. அவற்றில் ஒன்று மெல்ல நகரத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. விரலால் தாளைத் துடைத்துப் பாருங்கள், மங்கலான பச்சையோ செம்பழுப்போ ஆன கோடு இழுபடும். அது உங்கள் ரோஜாவின் சாறு.

காய்ந்த, சூடான காற்று இதற்குச் சொர்க்கம். 30 டிகிரி சூட்டில் முட்டையிலிருந்து முட்டையிடும் வயது வரை ஏறத்தாழ ஒரே வாரம். அதனால்தான் ஒருமுறை மருந்தடித்துவிட்டு நிம்மதியாக இருந்தால் அடுத்த வாரம் திரும்பி நிற்கும். மருந்து பெரியவற்றைக் கொல்லும், முட்டைகள் தப்பிவிடும்.

நான் நம்புவது தண்ணீரைத்தான். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, தண்டைச் சுற்றிக் கட்டி, மண் கொட்டாதபடி பிடித்துச் செடியைத் தலைகீழாகத் திருப்புங்கள். வாளித் தண்ணீரில் இலைகள் மூழ்கும்படி அமிழ்த்தி, ஒரு நிமிடம் மெல்ல அலசுங்கள். பிறகு குழாய் நீரை இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாக விடுங்கள். அன்று மாலை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் ஒன்றிரண்டு மில்லி மென்மையான திரவ சோப்பும் நன்றாகக் கலந்து, அடிப்பக்கத்தில் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து ஒரு நாள் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது. வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை கருகும். இந்த அலசலை மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை செய்ய வேண்டும். மூன்றாம் தடவையில் சரியாகிவிட்டது போலத் தெரியும். அங்கே நிறுத்தாதீர்கள்.

பொதுவான பூச்சிமருந்தை மட்டும் வாங்கி அடிக்காதீர்கள். இது பூச்சி இனம் இல்லாததால் பல மருந்துகள் இதை ஒன்றும் செய்யாது. இதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று, நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடும்.

வெள்ளை மாவு, கரும்புள்ளி

இளம் இலையிலும் மொட்டுக் காம்பிலும் கோலமாவு தூவியது போலப் படிந்து, இலை முறுக்கிக்கொண்டால் சாம்பல் நோய். மற்றப் பூஞ்சைகள் போல இதற்கு ஈர இலை தேவையில்லை. காற்றோட்டமில்லாத மூலையும், சூடான பகலும், குளிர்ந்த ஈரக்காற்று இரவும் போதும். பாதித்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். செடிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். பரவினால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம். வெயில் 30 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் வேண்டாம்; வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

விளிம்பு நார்நாராகக் கசிந்த கரும் வட்டங்கள், சுற்றிலும் மஞ்சள், பிறகு இலை உதிர்வது கரும்புள்ளி நோய். இது நேர் எதிர். இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருந்தால்தான் இந்தப் பூஞ்சையின் வித்து முளைக்கும். மாலையில் செடிக்கு மேல் தெளிக்கும் பழக்கத்தை விட்டு, காலையில் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உதிர்ந்த இலை ஒன்றுகூடத் தொட்டியில் கிடக்கக் கூடாது.

மொட்டு பழுப்பாகி விரியாமல் நிற்கிறது

அந்த மொட்டைக் கிள்ளி, இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். உள்ளே மெல்லிய கோடு போன்ற மஞ்சள் அல்லது பழுப்புப் பூச்சி ஓடினால் இலைப்பேன். பேரில் இலை இருந்தாலும் ரோஜாவில் அது மொட்டுக்குள்தான் குடியிருக்கும், மேலே அடிக்கும் மருந்து அங்கே எட்டாது. ஆகவே நிறம் தெரியும் மொட்டுகளை எல்லாம் வெட்டிக் கட்டிப்போட்டு எறிவதே வழி. மனம் வராது, தெரியும். ஒரு சுற்றுப் பூவை இழந்தால் அடுத்த சுற்று சுத்தமாக வரும். உள்ளே பூச்சி இல்லாமல் சாம்பல்நிறப் பஞ்சு போலப் பூத்திருந்தால் பூஞ்சை. ஈரக்காற்றைக் குறைத்து, வாடிய பூக்களை உடனுக்குடன் நீக்குங்கள். மொட்டுக் காம்பில் பச்சையாக மொய்த்திருப்பது அசுவினி. குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே போய்விடும், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

இலை விளிம்பு கருகி, மண்மேல் வெள்ளைப் படலம்

உப்பு. உரம் மிகுந்துவிட்டது அல்லது தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டியின் கொள்ளளவைப் போல நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிட்டுக் கழுவுங்கள். ஒரு மாதம் உரம் கிடையாது.

நீளநீளமாகக் கிளை வருகிறது, பூ இல்லை

வெளிச்சம் போதவில்லை. ஜன்னலிலிருந்து நான்கடி உள்ளே உங்கள் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இடம் ரோஜாவுக்கு இருட்டு. ஆறு மணி நேர நேரடி வெயில் இல்லாவிட்டால் இலை விடும், பூக்காது. கண்ணாடிக்கு மிக அருகில் வையுங்கள், முடிந்தால் வெளியே கொண்டுபோங்கள். வாங்கியபோது இருந்ததைவிட உயரம் கூடுவது மட்டும் குறையில்லை. கட்டுப்படுத்தும் மருந்தின் வேகம் அடங்கியதும் செடி தன் இயல்பான உயரத்துக்கு வருகிறது.

பூ வாடியதும் வெட்டும் இடத்தையும் பாருங்கள். பூவிலிருந்து கீழே வரும்போது, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் முழு இலைக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் நோக்கிய கணுவில் வெட்டினால் பூக்கும் கிளை வரும். வெறும் தலையை மட்டும் கிள்ளினால் பெரும்பாலும் வலுவற்ற குச்சிதான் வரும். வெட்டியதிலிருந்து அடுத்த பூவுக்கு ஆறு வாரம் போல ஆகும்.

நான்கில் ஒரு தண்டு மட்டும் காய்கிறது

இது நெருக்கத்தின் விளைவு. நான்கு செடிகள் ஒரே பிடி மண்ணுக்குப் போட்டி போடுகின்றன, வலுவற்றது தோற்கிறது. தண்ணீர் விட்ட மறுநாளே தொட்டி லேசாகிவிடுகிறதென்றால், அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கிறதென்றால் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. பூத்து முடிந்து, வெயில் கடுமையில்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டி, வேர்க்கட்டியை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்தே விரலால் மெதுவாக அலசிப் பிரியுங்கள். கொஞ்சம் வேர் அறும், பரவாயில்லை. ஒவ்வொன்றையும் 15 சென்டிமீட்டர் தொட்டியில் நடலாம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, கரடுமுரடான மணலோ பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் கனிமத் துகள்) ஒரு பங்கு. பத்து நாள் நிழல். பிரிக்கப் பயமாக இருந்தால், காய்ந்த தண்டை மட்டும் மண்மட்டத்தில் வெட்டிவிட்டு, முழுக் கட்டியையும் அப்படியே 20 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். அதுவும் நல்ல வழிதான்.

தண்டு நுனியிலிருந்து கருப்பாகிக் கீழே இறங்கி வந்தால் காத்திருக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால், கருப்புக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். வெட்டுவாயில் நடுச்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே.

மொத்தமும் காய்ந்த குச்சி

உடனே தூக்கிப்போடாதீர்கள். தண்டின் அடியில், மண்ணுக்குச் சற்று மேலே, நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இந்தச் செடிகள் பெரும்பாலும் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் நிற்பவை, அடியிலிருந்து துளிர்த்தாலும் நீங்கள் வாங்கிய அதே பூதான் பூக்கும். பச்சை இருக்கும் இடம் வரை வெட்டி, மண்ணை ஈரப்பதமாக மட்டும் வைத்து, வெளிச்ச நிழலில் ஆறு வாரம் விட்டுவைத்துப் பாருங்கள். அரிசி நுனி அளவில் சிவப்பாக ஒரு முளை கணுவில் புடைத்தால், அதன்மேல் தண்ணீர் படாமல் பார்த்து, இரண்டு விரல் நீளம் வளர்ந்தபிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.